குடலுக்குள் போய்வந்த உறை

தெருமுனைக் கடையில் பிள்ளைகள் வாங்கிச் சப்பும் நீளப் பாக்கெட் ஐஸ் நினைவிருக்கிறதா? அதன் உறையை இரு முனையிலும் வெட்டிவிட்டால் எப்படியிருக்குமோ, கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும் இந்தப் பொருளும். மெல்லிய, ஒளி ஊடுருவும் குழல். நீளம் 60 சென்டிமீட்டர். ஒரு முனையில் கிரீடம் போல வளைந்து நிற்கும் கம்பி வளையம், அந்த வளையத்தில் சின்னச் சின்ன முட்கள். மறுமுனை வெறுமனே திறந்து கிடக்கும். எண்டோபேரியர் என்று பெயர். இதை வாய் வழியாக உள்ளே செலுத்தி, இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் வாசலில் மாட்டிவிடுவார்கள். அதன் பிறகு சாப்பிடும் சோறும் ரொட்டியும் குழலுக்குள்ளேயே பயணம் செய்யும். முதல் 60 சென்டிமீட்டருக்குக் குடல் சுவர் உணவைத் தொடவே தொடாது.

கத்தியால் கீறாமல், தையல் போடாமல், சர்க்கரை நோயையும் உடல் பருமனையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் ஆசையில் பிறந்தது இது. அதன் கதையை அது பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்ல வேண்டும்.

இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரை குறைகிறது என்பதை மருத்துவர்கள் வெகுகாலமாகவே அரைகுறையாகக் கவனித்து வந்தார்கள். இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிய பின் மூன்று நோயாளிகளுக்கு நீரிழிவு தணிந்ததாக 1955-இல் ஒரு மருத்துவக் கட்டுரையே வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் உடல் பருமனுக்கென்றே இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். இரைப்பையைச் சிறிய பையாகக் குறுக்கி, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பது அந்த முறை. எடை குறைப்பதுதான் நோக்கம். சர்க்கரையைப் பற்றி அப்போது யாருக்கும் எண்ணமில்லை.

வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் இதே அறுவையை வருடக்கணக்காகச் செய்துவந்தவர் வால்டர் போரிஸ். 14 ஆண்டுகளில் 608 பேர். அவர்களில் சர்க்கரை நோயோடு வந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பி அப்படியே நின்றது. 1995-இல் இதை வெளியிட்டபோது கட்டுரையின் தலைப்பையே 'யார் நினைத்திருப்பார்கள்?' என்று தொடங்கினார். மருத்துவ இதழ்களில் அப்படி வாய்விட்டு வியப்பவர்கள் குறைவு. வியப்புக்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமன்று. எடை இன்னும் இறங்கத் தொடங்காத முதல் சில நாள்களிலேயே சர்க்கரை இறங்கிவிடுகிறது. மெலிந்ததால்தான் சர்க்கரை குறைந்தது என்று சொல்ல வழியில்லை. அப்படியானால் வேறென்ன?

இந்தக் கேள்வியை எலிகளிடம் கொண்டுபோனவர் இத்தாலிய அறுவை மருத்துவர் ஃப்ரான்செஸ்கோ ரூபினோ. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அவர் எடுத்துக்கொண்ட எலிகள் ஜப்பானில் உருவான இனம். கோட்டோ, ககிசாக்கி என்ற இருவர் 1970-களில், சர்க்கரை சற்று கூடுதலாக உள்ள எலிகளையே தேர்ந்து தேர்ந்து இணை சேர்த்து வளர்த்த வழி வந்தவை. இவை ஒல்லியான எலிகள், ஆனால் பிறவியிலேயே சர்க்கரை நோயாளிகள். உடல் பருமன் என்ற சிக்கலை ஓரமாக வைத்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் தனியே பார்க்க இதைவிடப் பொருத்தமான உயிர் கிடையாது.

ரூபினோ அந்த எலிகளின் இரைப்பையை அப்படியே விட்டுவிட்டு, அதை அடுத்து வரும் முன்சிறுகுடலை மட்டும் உணவுப் பாதையிலிருந்து விலக்கினார். சர்க்கரை சீரானது. இது 2004. அதோடு அவர் நின்றிருந்தால் ஒரு நல்ல கட்டுரையோடு விஷயம் முடிந்திருக்கும். 2006-இல் வெளியிட்ட அடுத்த சோதனைதான் இந்தக் கதையின் உயிர்நாடி. இம்முறை ஒரு கூட்டம் எலிகளுக்குக் குறுக்குவழி ஒன்றைப் போட்டுக்கொடுத்தார், ஆனால் பழைய வழியையும் அடைக்கவில்லை. உணவு இரண்டு வழியிலும் போகலாம். இந்த எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. பிறகு அதே எலிகளைத் திரும்பத் திறந்து பழைய வழியை அடைத்தார். குறைந்தது! மறுபக்கம், முன்சிறுகுடலை விலக்கிக் குணமான எலிகளுக்கு உணவை மீண்டும் அந்த வழியே திருப்பிவிட்டார். நோய் திரும்பி வந்தது. திறந்தால் வருகிறது, அடைத்தால் போகிறது. வீட்டில் எந்த விளக்குக்கு எந்தச் சுவிட்ச் என்று கண்டுபிடிக்க நாம் என்ன செய்வோமோ, அதையே உயிருள்ள குடலில் செய்து பார்த்தார் மனிதர்.

முன்சிறுகுடல் என்று நம் பாடநூல்கள் சொல்லும் இந்தப் பகுதி, இரைப்பையின் வாயிலிருந்து கணையத்தைச் சுற்றி வளைந்து இறங்கும் சுமார் 25 சென்டிமீட்டர் துண்டு. பழங்கால அலெக்சாந்திரியாவின் மருத்துவர் ஹெரோஃபிலஸ் பன்னிரண்டு விரல் அகலம் என்று அளந்து வைத்த பெயர்தான், லத்தீனுக்குப் போய் இன்றைய டியோடினம் ஆகியிருக்கிறது. பித்தநீரும் கணையநீரும் வந்து சேரும் இடம் என்றுதான் இதை நாம் பள்ளியில் படித்தோம். வெறும் சந்திப்பு நிலையம் என்று நினைத்த இடம், என்ன உணவு வந்திருக்கிறது என்று உடலுக்குச் செய்தி அனுப்பும் தந்தி அலுவலகமாகவும் இருக்கிறது என்று அந்த எலிகள் காட்டின. அங்கிருந்து தவறான செய்தி போவதால்தான் இன்சுலின் வேலை கெடுகிறது என்றார் ரூபினோ. செரிக்காத உணவு சீக்கிரமே கீழ்க்குடலை எட்டுவதும், அங்கே சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் கூடுவதுமே காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் இன்னும் முழுமையாகச் சமாதானம் ஆகவில்லை.

விலக்கினால் போதும் என்றால், வெட்டி விலக்குவானேன்? உள்ளேயே ஒரு திரை போட்டு விலக்கலாமே! இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுக்கத்தான், ரூபினோவின் கட்டுரைகள் வெளிவருவதற்கு முன்பே, 2003-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜி.ஐ. டைனமிக்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது.

உறைக்குத் தேர்ந்தெடுத்தது டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த பாலிமர். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் மாவு ஒட்டாமலிருப்பதற்கு எது காரணமோ, அதே குணம் இங்கும் வேண்டும், உணவு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கம்பி வளையத்துக்கு நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் கலந்த இந்த உலோகத்தை அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். பெயரின் பின்பாதியே அந்த ஆய்வுக்கூடத்தின் முதலெழுத்துகள்தான். எவ்வளவு நசுக்கினாலும் தன் பழைய வடிவம் இதற்கு மறக்காது. சிறிய குப்பிக்குள் சுருட்டி அனுப்பினால், வெளியே வந்ததும் விரிந்து பழைய கிரீடமாகிவிடும். ரத்தக்குழாய்களில் வைக்கும் ஸ்டென்ட்கள் சிலவும் இதே உலோகம்தான்.

உள்ளே வைப்பதை ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வந்த துன்பத்தின் வித்து இதில்தான் இருக்கிறது. நோயாளிக்கு மயக்க மருந்து. எண்டோஸ்கோபி வழியாக ஒரு வழிகாட்டிக் கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு உறை அடங்கிய குப்பி இரைப்பையைத் தாண்டும். எக்ஸ்-ரே திரையில் பார்த்தபடியே உறையின் நுனியைக் குடலுக்குள் தள்ளித் தள்ளி முழு நீளத்துக்கும் விரிப்பார்கள். கடைசியில் வளையத்தைக் குடலின் தொடக்கத்திலுள்ள குமிழ் போன்ற பகுதியில் விடுவிப்பார்கள். அது விரியும்போது முட்கள் சுவரில் பதிந்து பிடித்துக்கொள்ளும். குடல் ஓயாமல் அலையடித்து எல்லாவற்றையும் கீழே தள்ளும் உறுப்பு. முள் இல்லாமல் அங்கே எதுவும் நிற்காது. பித்தநீரும் கணையநீரும் உறைக்கு வெளிப்புறமாக வழிந்து இறங்கி, அது முடியும் இடத்தில்தான் உணவைச் சந்திக்கும்.

எடுப்பதற்கும் வழி வைத்திருந்தார்கள். சுருக்குப்பையின் கயிற்றைப் போல வளையத்தைச் சுற்றி ஒரு நூல் ஓடும். கொக்கியால் அந்த நூலை இழுத்தால் கிரீடம் சுருங்கும். சுருங்கிய முட்கள் உணவுக்குழாயைக் கீறிவிடாமல் ஒரு மூடிக்குள் இழுத்து அடக்கி, வாய் வழியே வெளியே எடுத்துவிடலாம். ஓராண்டு வைத்திருந்து எடுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் தத்துவம் இப்படி ஒரு கருவிக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் படித்தபோது, எளிமையின் மீது எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது.

மனிதரில் முதல் சோதனையாக இதழில் வெளிவந்தது சிலி நாட்டில் செய்தது. லியோனார்டோ ரோட்ரிகஸ் குழுவினர் 2008-இல் அதை வெளியிட்டார்கள். 12 பேருக்கு வைத்தார்கள். இருவருக்கு உறை சரியான இடத்தில் அமையாததால் சில நாள்களிலேயே எடுக்க வேண்டியதாயிற்று. மற்ற 10 பேர் 12 வாரம் வைத்திருந்தார்கள். 12 பேரில் சர்க்கரை நோயாளிகள் 4 பேர். அந்த நால்வருக்கும் மருந்தில்லாமலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பில் நின்றது. நான்கு பேரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் எலியில் பார்த்தது மனிதரிலும் நடக்கிறது என்பது சிறிய விஷயமா?

பிறகு பயணம் வேகம் பிடித்தது. நெதர்லாந்து, பிரேசில், ஜெர்மனி என்று நாடு நாடாகப் போனது. 2010 வாக்கில் ஐரோப்பாவில் விற்க அனுமதி. 2011-இல் ஜி.ஐ. டைனமிக்ஸ் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலாகி முதல் திரட்டியது. அதே காலத்தில் ஆஸ்திரேலிய நோயாளிகளுக்கும் உறை கிடைத்தது. 2014-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், அரசுப் பொது மருத்துவச் சேவைக்குள்ளேயே, பாப் ரைடர் என்ற நீரிழிவு மருத்துவர் இதற்கென ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

எல்லாவற்றுக்கும் மேலே நின்றது அமெரிக்கச் சோதனை. 500 பேரைச் சேர்க்கத் திட்டம். மூவரில் இருவருக்கு உறை, ஒருவருக்கு எண்டோஸ்கோபி மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 325 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2015 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இனி யாரையும் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தியது. நால்வருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி.

கல்லீரல் சீழ்க்கட்டி என்பது சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கி ஆளையே சாய்த்துவிடக்கூடியது. குளிர் காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக், சிலருக்குக் குழாய் செருகிச் சீழை வடிக்க வேண்டும். இது ஏன் வந்தது? குடலின் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. முட்கள் பதிந்த இடத்தில் கிருமி புகுந்து அந்த ரத்தத்தோடு கல்லீரலை எட்டியிருக்கலாம். முள்ளால் புண் வராமலிருக்க இந்த நோயாளிகள் தினமும் விழுங்கிய அமிலம் தணிக்கும் மாத்திரை, வழக்கமாக இரைப்பை அமிலத்தில் சாகும் கிருமிகளை உயிரோடு உள்ளே விட்டிருக்கலாம். இவை மருத்துவர்கள் முன்வைத்த விளக்கங்கள். எதுவாயினும், உறை நிற்பதற்குத் துணையான முள்ளே அதை வீழ்த்தும் வழியாகவும் ஆனது.

அந்த ஆண்டே சோதனையைக் கைவிட்டார்கள். கடைசிக் கணக்கில் உறை வைத்தவர்களில் 3.5 விழுக்காட்டினருக்குச் சீழ்க்கட்டி வந்திருந்தது. ஆனால் உறை வேலை செய்யாமலும் இல்லை. பாதியில் நின்ற அந்தச் சோதனையிலேயே, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான ஹெச்பிஏ1சி, உறை வைத்தவர்களுக்கு 1.1 புள்ளி குறைந்தது. வெறும் எண்டோஸ்கோபி செய்தவர்களுக்கு 0.3 மட்டுமே. எடை 7.7 விழுக்காடு குறைய, மற்றவர்களுக்கு 2.1. வேலை செய்யாத கருவி என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். வேலையும் செய்து, நூற்றில் மூன்று நான்கு பேரை மருத்துவமனைக்கும் அனுப்பும் கருவியை என்ன செய்வது?

இங்கே நான் தடுத்தவர்கள் பக்கம்தான் நிற்பேன். வெட்டாத சிகிச்சை என்றதும் ஆபத்தில்லாத சிகிச்சை என்று நம் மனம் தானாக எழுதிக்கொள்கிறது. தழும்பு வெளியே தெரியாவிட்டால் உள்ளே காயமில்லை என்று ஆகிவிடாது. உயிரைக் காக்கும் அவசர அறுவையில் நூற்றுக்கு மூன்றை ஏற்கலாம். மாத்திரையும் ஊசியும் உணவுக் கட்டுப்பாடும் கையில் இருக்கும் நோய்க்கு, ஓராண்டில் எடுத்துவிடப் போகும் கருவியால் வரும் மூன்று மிக அதிகம்.

2017 நவம்பரில் ஐரோப்பிய அனுமதியும் போயிற்று. பர்மிங்காமில் ரைடர் விடவில்லை. உலகெங்கும் உறை வைத்துக்கொண்ட சுமார் ஆயிரம் பேரின் பதிவுகளைத் திரட்டி, நன்மை தீமையைவிட அதிகம் என்றும், கவனமான குழுவின் கையில் ஆபத்தைக் கட்டுப்படுத்தலாம் என்றும் தொடர்ந்து வாதாடினார். அவரது பிரிவில் வேறெதற்கும் அசையாத சர்க்கரையோடு வந்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்ததை நேரில் பார்த்தவர் அவர். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே இங்கிலாந்தில், லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சவுத்தாம்ப்டனும் சேர்ந்து 170 பேரில் செய்த சோதனை வேறொரு பாடம் சொன்னது. ஒரு பாதிக்கு உறையும் உணவு ஆலோசனையும். மறுபாதிக்கு நல்ல மருந்தும் நெருக்கமான உணவுக் கண்காணிப்பும் மட்டும். ஓராண்டு முடிவில், ஹெச்பிஏ1சி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் உறைக் கூட்டத்தில் 54.6 விழுக்காடு. உறையில்லாத கூட்டத்தில் 55.2! எடையில் மட்டும் உறை முந்தியது. எடையில் 15 விழுக்காட்டுக்கு மேல் இளைத்தவர்கள் உறைக் கூட்டத்தில் 24 விழுக்காடு, மற்றதில் 4. சர்க்கரையைப் பொறுத்தவரை, யாரோ ஒருவர் அக்கறையோடு கூடவே நின்று உணவையும் மருந்தையும் கவனித்துக்கொண்டதே உறைக்கு ஈடாகிவிட்டது. இந்தக் கதையில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த எண்கள் இவைதான்.

உறை விழுந்தாலும் அது போட்ட பாதை மூடவில்லை. குடலுக்குள் எதையும் விட்டுவைக்காமல், சுவரின் மேல்தோலை மட்டும் புதுப்பித்தால் என்ன என்று மாசசூசெட்ஸில் ஃப்ராக்டில் என்ற நிறுவனம் கேட்டது. முன்சிறுகுடலுக்குள் ஒரு பலூனைக் கொண்டுபோய், முதலில் உப்புநீரை ஏற்றி மேல்சவ்வை மெத்தை போலத் தூக்கி, பின் வெந்நீர் நிறைந்த பலூனால் சில நொடிகள் ஒத்தடம் கொடுப்பது அதன் வழி. பழைய சவ்வு உதிர்ந்து புதிது முளைக்கும். இதன் முதல் மனிதச் சோதனையும் சிலியில்தான். ஆம்ஸ்டர்டாமில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 16 பேருக்கு இதைச் செய்து லிராகுளுடைட் ஊசியும் சேர்த்தபோது, ஆறு மாதத்தில் 69 விழுக்காட்டினர் இன்சுலினை நிறுத்த முடிந்தது. அதே நகரத்தில் வெந்நீருக்குப் பதில் மின்துடிப்பையும், செமாகுளுடைட் ஊசியையும் சேர்த்துச் செய்ததில் 14 பேரில் 12 பேர் நிறுத்தினார்கள். சிறிய எண்ணிக்கைகள்தான், சிலியின் நால்வரைப் போல.

அந்த ஊசிகளே இன்று இந்த உறையின் பெரிய போட்டியாளர்கள். கீழ்க்குடல் சுரக்கும் அதே ஜிஎல்பி-1 ஹார்மோனின் வேலையைச் செய்யும் மருந்துகள் அவை. குடலை ஏமாற்றி உறை வாங்க நினைத்ததை, வாரம் ஒரு ஊசி நேராகவே கொடுக்கிறது. ஆனால் விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை, நிறுத்தினால் எடையும் சர்க்கரையும் திரும்புகின்றன. ஒருமுறை செய்து நீண்ட நாள் நிற்கும் சிகிச்சைக்கான தேடல் அதனால்தான் ஓயவில்லை.

உறையும் ஓயவில்லை. 2018-இல் அமெரிக்க நிர்வாகம் புதிய பாதுகாப்பு விதிகளோடு இன்னொரு சோதனைக்கு ஒப்புதல் தந்தது. 2019-இல் ஆள்சேர்ப்பு தொடங்கியது. அந்த ஆண்டே அப்போலோ சுகர் கிளினிக்ஸோடு சேர்ந்து இந்தியாவிலும் ஒரு சோதனை நடத்த நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 10 கோடிக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள் இந்நாட்டில் இருப்பதாக, சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு 2023-இல் சொன்னது. அப்படிப்பட்ட நாட்டை எந்தக் கருவியும் தேடி வரத்தானே செய்யும். 2020-இல் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. நிறுவனம் பங்குச் சந்தையிலிருந்து விலகி, பின்னர் மார்ஃபிக் மெடிக்கல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. உறைக்கும் இப்போது ரீசெட் என்று புதுப் பெயர்.

புதுப் பெயரில் இந்த உறையோ, வெந்நீர்ப் பலூனோ, மின்துடிப்போ நாளை நம்மூர் மருத்துவமனைக்கும் வரலாம். 'கத்தியில்லை, தழும்பில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம்' என்று பலகையும் வைப்பார்கள். அப்போது உங்களையோ உங்கள் அம்மாவையோ அதற்குச் சேரச் சொன்னால், சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன். இது சோதனையா, ஒப்புதல் பெற்ற சிகிச்சையா என்று கேளுங்கள். இதை எடுத்த பிறகும் சர்க்கரை கட்டுக்குள் நின்றவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் நள்ளிரவில் குளிர் காய்ச்சல் அடித்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், எடுப்பவர் யார் என்று கேட்டு, அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.